ஒரே வரிசையில் ஒரு கப்பல்

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இருந்தவர்களைப் பற்றிய கணக்கு ஒன்று, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவும்போதே கூடவே வந்துவிடுகிறது. விபத்து விசாரணைக்காகப் பிரிட்டிஷ் வர்த்தக வாரியம் திரட்டிய தகவலிலிருந்து உருவான கணக்கு அது. மொத்தம் 2,201 பேர். எந்த வகுப்பு, ஆணா பெண்ணா, குழந்தையா பெரியவரா, பிழைத்தாரா இல்லையா என்று ஒவ்வொருவரைப் பற்றியும் நான்கு கேள்விகள். காட்டச் சொன்னால் திரையில் நான்கு சிறு அட்டவணைகள் தலைப்புகளோடு ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுபவர்களே அதிகம். நான் ரசிக்கும் இடம் அதற்கு அடியில் இருக்கிறது. அந்தக் கணக்கு அடங்கிய ஆப்ஜெக்டின் மேலுள்ள 'டேபிள்' என்ற முத்திரையை 'அன்கிளாஸ்' கட்டளையால் கழற்றுங்கள். தலைப்புகளையும் பரிமாண அளவுகளையும் எடுத்துவிடுங்கள். பிறகு உள்ளே என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

0, 0, 35, 0, 0, 0, 17, 0, 118, 154, 387, 670 என்று தொடங்கி 20 என்று முடியும் 32 எண்கள். அவ்வளவுதான். கட்டமும் இல்லை, கோடும் இல்லை, கிடைவரிசை நெடுவரிசை என்ற பேச்சே இல்லை.

இந்த எண் வரிசையை அட்டவணை ஆக்குபவை அதோடு ஒட்டியிருக்கும் இரண்டு குறிப்புகள். ஒன்றின் பெயர் 'டிம்'. அதில் 4, 2, 2, 2 என்று நான்கு எண்கள் மட்டும் இருக்கும்: வகுப்பு நான்கு வகை, மற்ற மூன்றும் இரண்டிரண்டு வகை. மற்றது 'டிம்நேம்ஸ்'. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, ஊழியர் என்ற பெயர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்தப் பெயர்ப் பட்டியல்களுக்கே 'வகுப்பு', 'பாலினம்' என்று தனிப் பெயர்களும் உண்டு. பெயருக்கு மேல் பெயர் என்ற இந்த இரண்டு அடுக்கு இருப்பதால், கட்டத்தின் எண்ணிக்கையோடு அது எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதும் அட்டவணையை விட்டுப் பிரியாமல் நிற்கிறது. தலைப்பில்லாத எக்செல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இத்தனை சிக்கனமான அமைப்பு எப்படி உருவாகிறது என்பது இன்னும் அழகு. மூலத் தகவலை 'டேபிள்' ஃபங்ஷனிடம் கொடுத்தால், அது ஒவ்வொருவருடைய நான்கு பதில்களையும் முதலில் வரிசை எண்களாக மாற்றிக்கொள்கிறது. மூன்றாம் வகுப்பு என்றால் 3, பெண் என்றால் 2, பெரியவர் என்றால் 2, பிழைத்தார் என்றால் 2. அடுத்து இந்த நான்கையும் ஒரே எண்ணாகச் சேர்க்கிறது. கலம், மரக்கால், படி என்று அளந்த நெல்லை மொத்தமாகப் படிக் கணக்குக்குக் கொண்டுவருகிற அதே வழிதான். அங்கே மரக்காலுக்கு 8, கலத்துக்கு 96. இங்கே பாலினத்துக்கு 4, வயதுக்கு 8, பிழைப்புக்கு 16. ஒவ்வொரு பதிலிலும் ஒன்றைக் கழித்து, அதற்குரிய மதிப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் வந்து உயிர் பிழைத்த வயது வந்த பெண்ணுக்கு 2, 4, 8, 16, அதோடு 1, ஆக 31. அந்த வரிசையில் 31-ஆம் இடத்தை எண்ணிப் பார்த்தால் அங்கே 76 நிற்கிறது. மூன்றாம் வகுப்பின் வயது வந்த பெண்களில் பிழைத்தவர்கள் 76 பேர்தான்.

நான்கு கேள்விகளும் இப்படி ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்ட பிறகு வேலை மிகச் சுலபம். ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று ஒரே ஓட்டத்தில் எண்ணினால் போதும். 'டேபுலேட்' என்ற இன்னொரு ஃபங்ஷன் அதைச் செய்து தருகிறது. கிடைத்த வரிசையின் மேல் 'டிம்' குறிப்பையும் பெயர்களையும் ஒட்டி, 'டேபிள்' என்று முத்திரை குத்தினால் வேலை முடிந்தது. கேள்விகள் ஐந்தானாலும் ஏழானாலும் நிரலில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை. இரண்டு பரிமாண அட்டவணைக்கு ஒரு நிரல், மூன்றுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதிக் குவிக்காமல், எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்துக்குள் அடக்கிய இந்த யோசனைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் தலை வணங்கலாம்.

அந்த வரிசையில் எட்டுப் பூஜ்ஜியங்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கு, ஊழியர்களில் குழந்தைகள் என்ற கட்டங்களுக்கு உரியவை. இந்தக் கணக்கில் அப்படி ஒருவரும் இல்லை என்பதால், பிழைத்தாலும் இறந்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும் பூஜ்ஜியம்தான். மீதி நான்கும் வேறு சாதி. முதல் இரண்டு வகுப்புகளிலும் குழந்தைகள் இருந்தார்கள். இந்தக் கணக்கின்படி அவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் இறந்த குழந்தைகள் 35 ஆண், 17 பெண். முதல் வகைப் பூஜ்ஜியம் ஆள் இல்லாததால் வந்தது. இரண்டாவது, ஆட்கள் இருந்தும் சாவு அவர்களைத் தொடாததால் வந்தது. பொருளில் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டையும் ஆப்ஜெக்ட் ஒரே '0' என்றுதான் வைத்திருக்கிறது. ஆனாலும் எட்டையும் விடாமல் வைத்திருக்கிறதே, அதைத்தான் பாராட்ட வேண்டும். காலியாக இருக்கிறது என்று கட்டத்தையே நீக்கியிருந்தால், முதல் வகுப்புக் குழந்தைகளின் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் அந்த 35-ஐயும் 17-ஐயும் வைத்துப் பார்க்கும் வாய்ப்பே நமக்குக் கிடைத்திருக்காது.

கட்டங்கள் முழுமையாக இருப்பதால் எந்தத் திசையிலும் கூட்டிச் சுருக்கலாம். வயதையும் பாலினத்தையும் கூட்டி மடக்கினால், முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேரும் மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேரும் பிழைத்தது தெரியும். 'எஃப்டேபிள்' கட்டளை நான்கு பரிமாணங்களையும் ஒரே தாளில் தட்டையாக விரித்துக் காட்டும். 'ஆட்மார்ஜின்ஸ்' ஓரங்களில் கூட்டுத்தொகைகளைச் சேர்க்கும். இத்தனைக்கும் உள்ளே இருக்கும் 32 எண்களில் ஒன்றும் இடம் மாறாது.

எந்தப் பரிமாணத்தையும் அவசரப்பட்டு மடக்கக் கூடாது என்பதற்கு ஆரோடு வரும் இன்னொரு அட்டவணை சாட்சி. 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆறு பெரிய துறைகளின் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த 4,526 பேரின் கணக்கு அது. துறை என்ற மூன்றாவது பரிமாணத்தை மடக்கிவிட்டுப் பார்த்தால் ஆண்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது, பெண்களில் 30 சதவீதம் பேருக்கு. மடக்கியதை விரித்தால் ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் விகிதமே உயர்ந்து நிற்கிறது. 'ஏ' என்ற துறையில் ஆண்கள் 62 சதவீதம், பெண்கள் 82. இடம் கிடைப்பதே அரிதாக இருந்த துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். இந்த உண்மை வெறும் 24 கட்டங்களுக்குள் பத்திரமாக இருக்கிறது. இரண்டே நெடுவரிசைகளில் அச்சிட்டு மூலத்தைத் தூக்கி எறிந்திருந்தால் போயே போயிருக்கும்.

கணக்கு வேறு, அதைக் காட்டுவது வேறு என்ற இந்தப் பிரிவினை ஆருக்கு வழிவழியாக வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970-களின் நடுவில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் தொடங்கிய எஸ் மொழிதான் மூலம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் அதைப் பின்பற்றி ஆரை எழுதினார்கள். இந்த மரபில், சுருக்கம் தரும் 'சம்மரி' ஃபங்ஷன் எதையும் அச்சிடுவதில்லை. அது ஓர் ஆப்ஜெக்டைச் செய்து கையில் கொடுக்கும், அச்சிடுவது 'பிரிண்ட்' ஃபங்ஷனின் பொறுப்பு.

நேர்கோட்டு ரிக்ரஷனின் 'சம்மரி'யைத் திறந்து பார்த்தால் இது நன்றாக விளங்கும். 1974-ஆம் ஆண்டின் மோட்டார் டிரெண்ட் இதழிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரத்தில், எடை கூடக் கூட மைலேஜ் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுவது பாடப் புத்தகங்கள் தோறும் வரும் பயிற்சி. திரையில் குணகங்களின் பட்டியல், பக்கத்தில் மூன்று மூன்று நட்சத்திரங்கள், வெட்டுத்துண்டின் கடைசி நெடுவரிசையில் '2e-16-ஐவிடக் குறைவு' என்ற ஒரு குறிப்பு. ஆப்ஜெக்டுக்குள் போனால் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. 'கோஎஃபிஷியன்ட்ஸ்' என்ற பெயரில் இரண்டு கிடைவரிசையும் நான்கு நெடுவரிசையும் கொண்ட எண் அணி ஒன்று இருக்கிறது. 'குறைவு' என்று மழுப்பலாகக் காட்டப்பட்ட இடத்தில் 8.24e-19 என்ற மதிப்பு அப்படியே இருக்கிறது. நட்சத்திரங்கள் அச்சாகும் நொடியில் முளைத்து அதோடு மறைபவை. வேண்டாம் என்று ஒரு அமைப்பை மாற்றினால் வராமலே போய்விடும். 0.05 என்ற எல்லையை வைத்துப் புள்ளியியலாளர்கள் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் ஒரு தரப்பின் அடையாளம் கணக்குக்குள் புகாமல் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதே ஒழுக்கம் எல்லா இடத்திலும் இருந்ததில்லை. எண் வரிசை ஒன்றின் 'சம்மரி' ஆறு எண்களைத் தரும்: குறைந்தது, முதல் கால்மானம், இடைநிலை, சராசரி, மூன்றாம் கால்மானம், அதிகம். வெகுகாலம் அது தன் எண்களை உள்ளேயே நான்கு இலக்கத்துக்கு முழுமையாக்கி வைத்திருந்தது. 1,23,456 என்று கொடுத்தால் 1,23,500 என்று திரும்பி வரும். காட்டும்போது மட்டும் சுருக்கியிருந்தால் குற்றமில்லை, ஆப்ஜெக்டுக்குள்ளேயே உண்மையான எண் அழிந்துபோனது. 2017-இல் வந்த 3.4.0 பதிப்பில்தான் முழு எண்ணும் உள்ளே தங்க, சுருக்கும் வேலை 'பிரிண்ட்' பக்கம் போனது. வெளியிலிருந்து பார்த்தால் சின்னத் திருத்தம். ஆனால் அட்டவணை செய்கிறவர்களுக்கு அது ஒரு நெடுநாள் உறுத்தல் தீர்ந்த நாள்.

தீராத உறுத்தலும் ஒன்று உண்டு. மேற்சொன்ன கார் விவரம் முழுவதையும் 'சம்மரி'யிடம் கொடுத்தால் வருவதும் 'டேபிள்' என்ற முத்திரையோடுதான் வரும். ஆறு கிடைவரிசை, பதினொரு நெடுவரிசை. ஆனால் கட்டங்களில் எண்ணே கிடையாது. 'மின்.' என்ற சொல், மூன்று இடைவெளி, ஒரு முக்காற்புள்ளி, 10.40, மறுபடி இரண்டு இடைவெளி எல்லாம் ஒட்டிய எழுத்துச் சரம் ஒவ்வொரு கட்டத்திலும் கிடக்கிறது. கிடைவரிசைப் பெயர்கள் ஆறும் வெற்றுச் சரங்கள். நெடுவரிசைப் பெயர்களுக்கு முன்னால்கூட, நடுவில் நிற்பதற்காக இடைவெளிகளைத் திணித்திருக்கிறார்கள். அந்த 10.40-ஐ எடுத்து இன்னொன்றோடு கூட்ட வேண்டுமானால் எழுத்துகளை வெட்டித் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். டைட்டானிக் அட்டவணை அணியும் அதே முத்திரையை இதற்கும் கொடுத்திருப்பது எனக்கு ஒப்பவே இல்லை.

மருத்துவ ஆய்விதழ்களில் முதல் அட்டவணையாக வருமே, நோயாளிகளின் வயது, பாலினம், நோயின் நிலை எல்லாம் அடங்கியது, அதைச் செய்துதரும் ஜிடிசம்மரி என்ற தொகுப்பு இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்திருக்கிறது. அதன் ஆப்ஜெக்டில் 'டேபிள் பாடி' என்று ஒரு பகுதி, 'டேபிள் ஸ்டைலிங்' என்று இன்னொரு பகுதி. அட்டவணையின் வரிகள் முதலாவதில் இருக்கும். தலைப்பு, அடிக்குறிப்பு, உள்தள்ளல், தடித்த எழுத்து ஆகியவை இரண்டாவதில். ஆனால் '47 (38, 57)' என்று இடைநிலையையும் இரு கால்மானங்களையும் சேர்த்துக் காட்டும் கட்டம் இங்கேயும் எழுத்துச் சரம்தான். இதழ்கள் அப்படித்தான் கேட்கின்றன, தவிர்க்க முடியாது. 2024-இல் வெளியான 2.0 பதிப்பிலிருந்து 'கார்ட்ஸ்' என்று ஒரு பகுதியும் ஆப்ஜெக்டோடு கூடவே வருகிறது. அந்த 47-க்கும் 38-க்கும் 57-க்கும் அதில் ஆளுக்கொரு வரி. எந்த மாறி, எந்தப் புள்ளியியல் அளவு, அதன் மதிப்பு, அதை எழுத்தாக்கிக் காட்டும் முறை என்று ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை. மதிப்பு இருக்கும் நெடுவரிசையில் இருப்பது எண். சரத்தை அறுக்கும் வேலை இல்லாமல் நேரே எடுத்துக் கூட்டலாம்.