அன்று நாம் எங்கிருந்தோம்?

பங்கு வெள்ளிவிழா மலர்களையும் பள்ளி ஆண்டு மலர்களையும் புரட்டும் வழக்கமுடையோர்க்கு ஒருவகைக் கட்டுரை நன்கு அறிமுகமாகியிருக்கும். நாடே துயருற்ற ஒரு நாளில் எழுதுபவர் எங்கிருந்தார், யார் வாயிலாகச் செய்தி கேட்டார், கேட்டதும் என்ன செய்தார் என்பதைச் சொல்வது அது. நம் தந்தையர் தலைமுறைக்கு அந்நாள் 1948 சனவரி 30. நம் தலைமுறைக்கு 1984 அக்டோபர் 31. நமக்கு இளையோர்க்கு 1991 மே 21. (2004 திசம்பர் 26 பற்றிக் கடற்கரைப் பங்கு மக்கள் எழுதுபவை வேறு இனம். அவர்கள் துயரச் செய்தியைக் கேட்டவர்கள் அல்லர். துயரத்தின் உள்ளேயே நின்றவர்கள். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.)

இவ்வகைக் கட்டுரைகளை நாம் விரும்பிப் படிப்பவர்கள்தாம். ஆயினும் ஓர் ஐம்பது கட்டுரைகளை அடுத்தடுத்துப் படித்தால் ஓர் ஐயம் எழுகின்றது. வானொலியில் திடீரென ஒலிக்கும் சோக இசை, அடுப்பிலிருந்து பாதியில் இறக்கப்பட்ட உலை, அதுவரை அழுது பார்த்திராத தந்தையின் கண்ணீர், அவசரமாகக் கடையடைக்கும் ஓசை, பேருந்தின்றி ஊருக்கு நடந்த தொலைவு ஆகியவை எல்லாக் கட்டுரைகளிலும் தவறாமல் வருகின்றன. எழுதியவர் மாறினாலும் மேடைப் பொருள்கள் மாறுவதில்லை. எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நாம் கருதவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி நினைவுகூரக் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்றே கருதுகின்றோம்.

பிறரைச் சொல்லுமுன் நம்மைச் சொல்லிவிடுவது முறை. இந்திரா காந்தி அம்மையார் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாம் இளங்குருமட மாணவர். அக்டோபர் செபமாலை மாதத்தின் நிறைவு நாள். மாலைச் செபமாலையின் நடுவே அதிபர் தந்தை பீடத்தருகே வந்து நின்று, தழுதழுத்த குரலில் செய்தியை அறிவித்தார்; நாங்கள் முழந்தாளிலிருந்தபடியே அழுதோம். இந்த நிகழ்ச்சியைக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு மறையுரைகளில் சொல்லியிருப்போம். கேட்டவர்கள் உருகியதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பழைய பெட்டியொன்றைத் துப்புரவு செய்கையில் 1984ஆம் ஆண்டின் நாட்குறிப்பு கைக்குக் கிட்டியது. அந்நாளுக்குரிய பக்கத்தில், குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தோட்ட வேலைக்காரர் வந்து சொன்னதாக எழுதியிருக்கிறோம். அடுத்த வரி: ‘நாளை மறுநாள் கணக்குத் தேர்வு இராது.’ அதன்கீழ் ஒரு கோடு. மையின் அழுத்தத்தைப் பார்த்தால் அது மகிழ்ச்சிக் கோடு என்பதில் ஐயமில்லை. அதிபர் தந்தையைப் பற்றியோ கண்ணீரைப் பற்றியோ ஓர் எழுத்தும் இல்லை.

நாம் வேண்டுமென்று புனையவில்லை. அந்தப் பீடமும் அந்தத் தழுதழுத்த குரலும் இன்றும் கண்ணெதிரே நிற்கின்றன. புனித அகுஸ்தினார் தம் ‘வாக்குமூலங்கள்’ நூலின் பத்தாம் பகுதியில் நினைவாற்றலை உள்ளத்தின் வயிற்றுக்கு ஒப்பிடுகிறார். உண்டது உள்ளே இருக்கும், சுவை இராது. பழைய துயரத்தைத் துயரமின்றியே நினைக்கிறோமே என்று அவர் வியக்கிறார். சுவையற்ற நினைவு பிறர்க்குப் பரிமாற உதவாது என்பதால் நாம் பின்னர் உப்பிட்டுக்கொள்கிறோம் போலும். அமெரிக்காவில் 1986 சனவரி 28 அன்று ‘சேலஞ்சர்’ விண்ணோடம் வெடித்துச் சிதறியபோது உல்ரிக் நைசர் என்னும் உளவியலார் தம் துணையாளருடன் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று மறுநாளே கல்லூரி மாணவர்களை எழுதச் செய்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களுள் 44 பேரை மீண்டும் வினவினார். கால் பங்கினர் சொன்னது முதலில் எழுதியதோடு எந்த வகையிலும் ஒத்துவரவில்லை. அவர்களது கையெழுத்தையே காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை. தெளிவாக நினைவிருக்கிறது என்பது உண்மையாக நடந்தது என்பதற்குச் சான்றாகாது. நம் நாட்குறிப்பை நாமே நம்ப மறுத்த அந்தச் சில நிமிடங்களை எண்ணினால் அந்த மாணவர்கள்மீது பரிவே உண்டாகின்றது.

ஆனால் நம் முறையீடு இதுவன்று. நினைவு பிசகுவது மனித இயல்பு, மன்னிக்கத்தக்கது. இவ்வகைக் கட்டுரைகள் எங்கே முடிகின்றன என்பதுதான் நம் கவலை. 1984 பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அக்டோபர் 31 மாலையில் முடிகின்றன. காலை ஒன்பது மணியைக் கடந்த வேளையில் சுடப்பட்ட பிரதமர் இறந்ததை அகில இந்திய வானொலி முறைப்படி அறிவித்தது மாலையில்தான். அந்த அறிவிப்போடு கட்டுரையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். தில்லியில் வாழ்ந்த சீக்கியர்க்கோ அப்போதுதான் கதை தொடங்கியது. நவம்பர் முதல் மூன்று நாள்களில் தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டனர் என்பது அரசுக் கணக்கு. திரிலோக்புரியின் கைம்பெண்களிடம் ‘அன்று எங்கிருந்தீர்கள்’ என்று கேட்டால் அவர்கள் நவம்பரைத்தான் சொல்வார்கள். 2005 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் வெட்கித் தலைகுனிவதாகக் கூறி வருத்தம் தெரிவித்தார். முன்னாள் மக்களவை உறுப்பினர் ஒருவருக்குத் தில்லி உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 திசம்பரில், 34 ஆண்டுகள் கழித்து. நாட்டின் துயரம் எது, அது எந்த நாளில் நடந்தது என்பதை நாம் தேர்ந்துகொள்கிறோம். எழுதுபவரின் கண்ணீரில் முடியும் கட்டுரை இந்தத் தேர்வை மறைத்துவிடுகின்றது.

இத்துறையில் நாம் படித்தவற்றுள் தலையாயதாகக் கருதுவது அமிதாவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி கோஸ்ட்ஸ் ஆஃப் மிஸஸ் காந்தி’ என்னும் கட்டுரை. நடந்தது 1984இல், ‘நியூயார்க்கர்’ இதழில் அது வெளிவந்தது 1995 சூலையில். இடையில் பதினோராண்டு மௌனம். அப்போது தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், அன்று பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். அதே பேருந்தில் தலைப்பாகை அணிந்த சீக்கியர் ஒருவரும் இருந்தார். வழியில் கும்பலொன்று தென்பட்டதும், சேலை உடுத்த ஒரு பெண்மணி அந்த மனிதரைக் குனிந்து இருக்கைக்கடியில் மறைந்துகொள்ளச் சொன்னார். வண்டியை மறித்தவர்கள் உள்ளே சீக்கியர் உண்டா என்று வினவியபோது இல்லை என்றே விடை வந்தது. வண்டி நகர்ந்தது.

இங்கே எழுத்தாளர் செய்தது என்ன? ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தார், அதை மறைக்காமல் சொல்கிறார். இக்கட்டுரையின் நேர்மை இங்கேதான் தொடங்குகின்றது. செயல் முழுவதும் பிறருடையது. மறுநாள் அண்டை வீட்டுச் சீக்கிய முதியோர் இணையர்க்கு அவருடைய நண்பரின் குடும்பம் புகலிடம் தருகின்றது. அங்கும் அவர் ஓரத்தில் நிற்பவரே. பின்னர் அமைதி ஊர்வலமொன்றில் கலந்துகொள்கிறார். கத்தியும் கம்பியும் ஏந்தியவர்கள் எதிர்ப்பட்டபோது ஊர்வலத்திலிருந்த பெண்கள் முன்வந்து ஆண்களைச் சூழ்ந்து நின்றனர், வந்தவர்கள் பின்வாங்கினர். அங்கும் கோஷ் காக்கப்பட்டவரே அன்றிக் காத்தவர் அல்லர். நம் மலர்க் கட்டுரையாளர் எவரேனும் அவ்விடத்தில் இருந்திருந்தால் முதல் வரிசையில் தம்மை நிறுத்திக்கொண்டிருப்பாரோ என்று அஞ்சுகின்றோம். நாமும் விதிவிலக்கல்ல என்பதை அந்த நாட்குறிப்பு சொல்லிவிட்டது.

ஏன் பதினோராண்டு எழுதவில்லை என்பதற்கும் அவர் விடை தேடுகிறார். கொடுமையை எழுதினால் அது வேடிக்கைக் காட்சியாகிவிடும் என்ற அச்சம் இருந்தது. ஆனால் எழுதாமல் விட்டதனால் அந்தப் பேருந்துப் பெண்மணியும் ஊர்வலப் பெண்களும் சேர்ந்தல்லவா மறைந்துபோனார்கள்? வன்முறை எழுதப்படுகின்றது, அதைத் தடுத்தவர்களின் அன்றாடத் துணிவு எழுதப்படுவதில்லை என்னும் அவருடைய குறை நியாயமானது. 1988இல் வெளிவந்து சாகித்திய அக்காதெமி விருது பெற்ற அவருடைய ‘தி ஷேடோ லைன்ஸ்’ நாவலும் அந்த நாள்களின் அதிர்ச்சியில் கருக்கொண்டதே. எனினும் அது 1984 பற்றிப் பேசாமல் 1964ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் போய்விடுகின்றது. கட்டுரையின் இறுதிப் பகுதியில் போஸ்னிய எழுத்தாளர் ஒருவரின் கருத்தைத் துணைக்கு அழைப்பது மட்டும் நமக்கு உடன்பாடன்று. பேருந்துக் காட்சி தானே பேசிவிட்டது. அதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.

தமிழில் இத்தகைய நேர்மை உண்டா என்றால், உண்டு, புனைகதையில். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1948இன் ஐதராபாத்தைச் செகந்திராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்னும் இளைஞனின் கண்வழியே காட்டுகின்றது. முடிவில் கலவரத்தினிடையே அவன் ஓர் ஏழை முசுலிம் வீட்டுக்குள் நுழைய நேர்கின்றது. அவனைக் கண்டு அஞ்சிய அக்குடும்பத்துச் சிறுபெண் தன் வீட்டாரைக் காக்கத் தன்னையே பலியாக்க முன்வந்து நிற்கிறாள். அவன் அருவருத்து ஓடுகிறான். அருவருப்பு அவள்மீதன்று, தான் யாராகப் பார்க்கப்பட்டோம் என்பதன்மீது. ‘அன்று எங்கிருந்தாய்’ என்ற கேள்விக்குத் தமிழில் சொல்லப்பட்ட மிகக் கூச்சமான விடை இதுவே. இதைப் படித்த பின் வானொலிச் சோக இசைக்குத் திரும்புவது கடினம்.

விவிலியம் கற்றவர்க்கு இவ்விடத்தில் வேறொரு முற்றம் நினைவுக்கு வராமற் போகாது. ஆண்டவர் விசாரிக்கப்பட்ட இரவில் பேதுரு எங்கிருந்தார்? தலைமைக் குருவின் முற்றத்தில் காவலரோடு அமர்ந்து குளிர்காய்ந்துகொண்டிருந்தார். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர் என்பது பாப்பியாசு காலந்தொட்டு வரும் மரபு. அம்மரபை ஏற்றால், மும்முறை மறுதலித்த அந்தக் கதையை உலகுக்குச் சொன்னவர் பேதுருவே. நெருப்பின் சூடு, பணிப்பெண்ணின் பார்வை, காட்டிக்கொடுத்த கலிலேயப் பேச்சு, சேவலின் குரல் ஆகிய சிறு விவரங்கள் அத்தனையும் சொன்னவருக்கு எதிராகவே சாட்சியமளிக்கின்றன. அவரும் அழுதார், ஆனால் அழுதது எதற்காக என்பதைக் கதை ஒளிக்கவில்லை. நம் மறையுரைக் கண்ணீர்க்கு அத்தகைய காரணம் ஏதும் இருக்கவில்லை.

நாட்குறிப்பு அகப்பட்ட அதே ஆண்டில் நம் பங்கின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரைகள் கேட்டோம். மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகத் தில்லியில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பங்குமக்களுள் ஒருவர் ‘1984: தில்லி நினைவுகள்’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். (பின்வருவது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று, எழுத அவர் இசைவும் தந்துள்ளார்.) ஊரடங்கு, பால் கிடைக்காமை, வானத்தில் எழுந்த புகை, ஊருக்குத் தந்தி கொடுக்க இயலாமை என எல்லாம் ஒழுங்காக இருந்தன. பக்கத்து வீடுகளில் யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுதியிருக்கவில்லை. ‘அண்டை அயல் பற்றி நான்கு வரி சேர்க்கலாமே, ஐயா’ என்றோம். வேறு எண்ணத்தோடு கேட்கவில்லை. மலரில் இடம் மிச்சமிருந்தது, அவ்வளவே. அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் நம் கண்ணில் படாமல் வெளியேறினார்.

ஐந்தாம் வாரம் அறைவீட்டுக்கு வந்து தாளைத் தந்தார். முன் எழுதியதில் பாதி அடிக்கப்பட்டிருந்தது. இறுதியில் புதிதாக மூன்று வரிகள். நவம்பர் முதல் நாளிரவு எதிர்வீட்டுச் சீக்கியர் கதவைத் தட்டியதாகவும், பெயர் சொல்லி அழைத்ததாகவும், தாம் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார். பிறகு அவர் வாய்மொழியாகச் சொன்னது: அந்தக் குடும்பம் எப்படியோ தப்பிவிட்டது. இரண்டு வாரம் கழித்துச் சாமான்களை ஏற்ற வந்தபோது, எப்போதோ வாங்கிச் சென்ற தூக்குவாளியை அவ்வீட்டு அம்மையார் கழுவித் துடைத்து இவர்களிடம் திருப்பித் தந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தத் தூக்குவாளியைப் பற்றியும் எழுதச் சொன்னோம். ‘அது வேண்டாம், சாமி. அதை எழுதினால் நன்றாக வந்துவிடும்’ என்றார். இலக்கியத் திறனாய்வில் இதைவிடக் கூரிய சொல்லை நாம் எந்த நூலிலும் படித்ததில்லை.

மலர்க் குழுவில் எதிர்ப்பு எழுந்தது. விழா மலரில் இது எதற்கு, பங்குக்குப் பெருமையில்லையே, படிப்பவர்கள் அவரை என்ன நினைப்பார்கள் என்று மூவர் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை; நாமும் ஓரிரவு தயங்கினோம். முடிவில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டோம். அதே மலருக்கென நாம் எழுதி வைத்திருந்த ‘செபமாலை மாலையில் வந்த செய்தி’ என்னும் கட்டுரையை மட்டும் அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டோம். அந்த இடத்தில் சோப்பு விளம்பரம் ஒன்று வந்திருக்கின்றது, 47ஆம் பக்கம்.