செருகும் கை, பிடுங்கும் கை

பாட் கேடிகனின் 'ராக் ஆன்' (1984) சிறுகதையில், பாஸ்டன் நகரத் தெருவொன்றில் முகத்தில் மழை அடிக்கக் கண்விழிக்கிறாள் ஜீனா. வயது நாற்பது. மூளைக்குள் கம்பி செருகுவதற்கான சாக்கெட்டுகள் அவள் தலையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ராக் இசையை அதன் உயிரோடு நினைவில் வைத்திருப்பவள் அவள். அந்த நினைவில்லாத இளைய குழுக்கள், அவளை இணைத்துக்கொண்டுதான் தங்கள் இசையை ராக் ஆக்க முடியும். மேடையும் பெயரும் அவர்களுக்கு, உழைப்பு அவளுக்கு. தப்பி ஓடியவளை வேறொரு குழு பிடித்துக்கொள்கிறது. கடைசியில், எவனிடமிருந்து ஓடினாளோ அந்தப் பாடகனிடமே திரும்ப வேண்டியிருக்கிறது.

புரூஸ் ஸ்டெர்லிங் தொகுத்த 'மிரர்ஷேட்ஸ்' (1986) நூலில் இக்கதை உண்டு. சைபர்பங்க் என்ற அறிவியல் புனைவுப் போக்கை அடையாளப்படுத்திய அந்நூலில் இடம்பெற்ற ஒரே பெண் கேடிகன். அப்போக்கின் புகழ்பெற்ற நாவலான வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984) நாயகனுக்கு உடல் என்பது வெறும் இறைச்சி. அதை உதறிவிட்டு வலைக்குள் பாய்வதே விடுதலை. உடலை உதறுவது யாருக்குச் சாத்தியம்? உதறிய உடலைப் பார்த்துக்கொள்ள வேறு யாராவது இருப்பவர்களுக்கு. இந்த எளிய கேள்வியைத்தான் கேடிகன் தன் நாவலுக்குள் கொண்டுவந்தார்.

1992இல் ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்ற 'சின்னர்ஸ்' (1991) நாவலின் களம், எதிர்கால லாஸ் ஏஞ்சலீஸ். ஜீனா இதிலும் வருகிறாள். அவளும் விஷுவல் மார்க்கும் ராக் வீடியோ படைப்பவர்கள். அவர்கள் வேலைசெய்யும் நிறுவனத்தை ஒரு பெருநிறுவனம் விழுங்குகிறது. சாக்கெட் தொழில்நுட்பம் சந்தைக்கு வருகிறது. மார்க் தன் உடலைக் கைவிட்டு வலைக்குள் குடியேறிவிடுகிறான். கவனிப்பாரற்றுக் கிடக்கும் அவ்வுடலில் மூளைப் பக்கவாதம் தாக்க, அது வலைக்குள் தொற்றாகப் பரவி, இணைப்பில் இருப்பவர்களைக் கொல்கிறது. கைவிடப்பட்ட உடல் உலகத்தையே பழிவாங்குவதுபோல் இருக்கிறது இந்த இடம்.

தொற்று தீண்டாமல் மிஞ்சுவது, சாம் என்ற இளம்பெண் தானே வடிவமைத்த சிறு கருவி மட்டும். அது எந்த வலையோடும் சேராதது. அவள் உடலின் ஆற்றலிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வது. உலகைக் காக்க மறுபடியும் ஒரு பெண்ணுடலில்தான் ஊசி ஏற வேண்டுமா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் 'ராக் ஆன்' ஜீனாவையும் சாமையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். ஜீனாவின் தலையில் கம்பியைச் செருகுவது பிறர் கை. சாமின் வயிற்றில் ஊசியை ஏற்றுவதும் பிடுங்குவதும் அவள் கை. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றக் கேள்வியைத் தாண்டி, அது யார் கையில் இருக்கிறது என்பதற்குக் கேடிகன் நம்மை நகர்த்துகிறார்.

எனக்குக் குறையாகப் படுவது நாவலின் ஜீனாதான். அவளுடைய கோபம் அபாரமானது. ஆனால் அதில் பெரும்பகுதி மார்க்கைத் தேடுவதிலும் மீட்பதிலும் செலவாகிறது. கலகக்காரியாக இருந்தும் செவிலி வேலையிலிருந்து அவளுக்கு ஓய்வில்லை.

சாரா பின்ஸ்கரின் 'எ சாங் ஃபார் எ நியூ டே' (2019) இதே வழக்கை வேறு பக்கத்திலிருந்து தொடர்கிறது. நோயும் குண்டுவெடிப்புகளும் கூட்டங்களுக்குத் தடை கொண்டுவந்துவிட்ட அமெரிக்கா. இசை நிகழ்ச்சிகளை வீட்டுக்குள் ஹோலோகிராமாக விற்கும் நிறுவனம். பாடகி லூஸ், பால்டிமோரில் சட்டத்துக்கு எதிராகச் சிறு அரங்கு நடத்துகிறாள். நிறுவனத்துக்குத் திறமைசாலிகளைப் பிடித்துத் தரும் வேலையில் சேர்ந்த இளம்பெண் ரோஸ்மேரி அங்கே வருகிறாள். அவள் மனமாரப் பாராட்டித் தகவல் அனுப்ப, அதுவே அரங்கு மூடப்படக் காரணமாகிறது. காட்டிக்கொடுத்தவள் தீயவள் அல்ல. சம்பளத்துக்கு வேலை செய்தவள். நிறுவனம் நல்லெண்ணத்தையும் கச்சாப்பொருளாக்கும் விதம் இதைவிடத் தெளிவாகச் சொல்லப்பட்டு நான் படித்ததில்லை.

பின்ஸ்கரும் மேடையேறிப் பாடுபவர். ஆனாலும் கூட்டத்தை அவர் புனிதமாக்கவில்லை. கூட்டமே அறியாமல் வளர்ந்த ரோஸ்மேரிக்கு, முன்பின் தெரியாதவர்களின் தோள் உரசல் முதலில் தருவது அச்சம்தான். பேருந்து நெரிசலை அறிந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. அச்சத்தோடேயே அவள் மீண்டும் அந்த அறைகளுக்குள் போகிறாள், இசைக்காக. கிடாரை உடைக்கும் நாயகர்களின் கலகத்தைவிட இது சிறியதாகத் தோன்றலாம். எவ்வளவு நெருங்குவது, எப்போது விலகுவது என்பதைத் தானே தீர்மானிக்கும் உடல் இல்லாமல் எந்தக் கலகமும் பெண்ணுக்கு விடுதலை தராது என்பதை இந்தப் பிரதிகளைச் சேர்த்து வாசிக்கும்போது உணர முடிகிறது.