நூற்பட்டியலும் பெயர் வரிசையும்

ஆய்வு நூலொன்றின் இறுதியில் வரும் நூற்பட்டியலை எவரும் படிப்பதில்லை, தேடுகிறார்கள். தேடிய பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையெனின், அவ்வாசிரியரே பட்டியலில் இல்லையென்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆதலின், பெயர்களை வரிசைப்படுத்துவது வெறும் எழுதுவினைஞர் வேலையன்று. எவருடைய பெயர் கண்ணிற்படும், எவருடைய பெயர் படாமற்போகும் என்னும் தீர்ப்பும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இன்று இவ்வேலையைக் கணினி செய்கிறது. இயந்திரத்துக்கு நாடில்லை, இனமில்லை. எனவே அதன் வரிசை நடுநிலையானது என நம்மிற் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையைச் சோதிக்க ஒரு பெயரே போதும். 1920இல் எழுதிய நாடகத்தின் வழியாக ‘றோபோ’ என்னும் சொல்லை உலகெங்கும் பரவச் செய்தவர் செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக். அவர் பெயரின் முதலெழுத்து, தலையிலே சிறு கொக்கி பொருந்திய ‘சி’. ஆங்கில வழக்கில் அவர் காம்யுவுக்கும் கரோலுக்கும் இடையில் வருவார். செக் வழக்கில் அது தனியெழுத்தாகையால், கொக்கியில்லாத ‘சி’யில் தொடங்கும் பெயர்கள் யாவும் முடிந்தபின் வருவார். எழுத்துக்களைக் குறியீட்டிலக்கப்படி மட்டும் அடுக்கும் மென்பொருளிலோ, ஸோலாவையும் ஸ்வைக்கையும் கடந்து பட்டியலின் கடைக்கோடிக்குத் தள்ளப்படுவார். முதலிரண்டும் மனிதர் வகுத்த மரபுகள். மூன்றாவது எந்த மொழியின் மரபுமன்று.

இந்நிலை எவ்வாறு வந்தது? 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ‘ஆஸ்கி’ குறியீட்டில் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஏனைய மொழிகளின் தலைக்குறி எழுத்துக்கள் பின்னாளில் அவற்றுக்கு அப்பால், பெரிய இலக்கங்களில் இடம்பெற்றன. முதலில் வந்து அமர்ந்தவனின் ஆசனமே ஒழுங்கு எனப்பட்டது. பிந்தி வந்தவன் ஒழுங்கீனன் ஆனான். 1985இல் ஒரன் பட்டாஷ்னிக் ஆக்கிய ‘பிப்டெக்’ என்னும் நூற்பட்டியல் மென்பொருளும் இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது. தலைக்குறியைத் தனிக் கட்டளையாக எழுதிக்கொடுத்தால் அது பெயரைச் சரியான இடத்தில் வைக்கும். ஆசிரியர் எழுதியவாறே எழுத்தை நேராகத் தட்டச்சிட்டால் வரிசை குலையும். இதனை ஒரு தனிமனிதரின் தீய எண்ணமென்பது பேதைமை. யாருடைய தேவையை முன்னிறுத்திக் கருவி ஆக்கப்பட்டதோ, அவருடைய மொழியே அதன் இயல்பாகிவிட்டது என்க.

தொல்லையை எண்ணிச் சிலர் குறியையே களைந்துவிடுகின்றனர். செக் மொழியில் கொக்கி நீங்கின் ஒலியே மாறும், அது அணிகலனன்று. 1950இல் குடியேற்றவாதத்தின் மீது குற்றப்பத்திரிகை போன்றதொரு நூலை வெளியிட்ட மார்ட்டினிக் கவிஞர் எமே செசேரின் பெயரிலும் அத்தகைய குறிகள் உள. அந்நூலை மேற்கோள் காட்டிக்கொண்டே அவர் பெயரைச் சிதைப்பது நகைப்புக்குரிய முரண்பாடன்றோ?

அப்படியாயின், ஒவ்வொரு பெயரையும் அதனதன் மொழி மரபுப்படி அடுக்கலாமா? அதுவும் இயலாது. ஹைன்ரிஷ் பேயலின் பெயரிலுள்ள இருபுள்ளி ‘ஓ’வை ஜேர்மன் அகராதி வெறும் ‘ஓ’வாகவே கொள்கிறது, ஆதலின் அவர் போர்ஹேசுக்கு முன்னே வருவார். சுவீடிஷ் நெடுங்கணக்கிலோ அவ்வெழுத்து இறுதியானது. அங்கே அவர் பைரனுக்கும் பின்னே செல்வார். ஒரே பட்டியலில் இரு மரபுகளும் ஆளின் வாசகர் திகைப்பர். எனவே, எழுத்து ஆசிரியருடையதாகவும் வரிசை பட்டியலை வாசிப்போரின் மொழிக்குரியதாகவும் இருத்தல் வேண்டும்.

இது கைகூடாத கனவுமன்று. ஒருங்குறியின் வரிசைமுறை முதலில் அடிப்படையெழுத்தையும், அடுத்துத் தலைக்குறியையும், அதன்பின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் ஒப்பிடுகிறது. மொழிக்கேற்ப மாற்றவும் இடமளிக்கிறது. ‘பைபர்’ என்னும் மென்பொருள் அம்முறையையே கையாளுகிறது. வழி இருந்தும் பழைய பழக்கத்தைத் தொடர்வது சோம்பலன்றி வேறில்லை.

இது ஐரோப்பியரின் வழக்கு என நாம் வாளாவிருத்தலும் ஆகாது. ஒருங்குறியில் தமிழெழுத்துக்கள் இந்திய மொழிகளுக்கான பொதுப்பட்டியலொன்றைத் தழுவி வைக்கப்பட்டமையால், ‘ன’ என்பது ‘ந’வை அடுத்து நிற்கிறது. இலக்கப்படி அடுக்கின் ‘மனோன்மணி’ ‘மயில்’ என்பதற்கு முன்னே வந்துவிடும். நம் நெடுங்கணக்கில் ‘ன’ மெய்களின் இறுதியன்றோ!

ஆகவே, மாணவரின் ஆய்வேட்டைத் திருத்தும் ஆசிரியர் நூற்பட்டியலையும் திருத்துக. குறிகளைக் களையாது எழுதுமாறும், வரிசைக்குரிய மொழியைக் கணினிக்கு அறிவிக்குமாறும் கற்பிக்க. இயந்திரம் கொடுத்த வரிசையை இயற்கையின் வரிசையென ஏற்கும் மனமே, சமுதாயம் கொடுத்த வரிசையையும் கேள்வியின்றி ஏற்கும்.