ஆட்டமும் அடுப்பும்

2023 டிசம்பர். அண்ணனூர் ஸ்டேஷனில் மின்ரயிலுக்கு நிற்கையில், கூட வேலை பார்க்கும் நாங்கள் அந்த வருஷம் பிடித்த வீடியோ கேமைச் சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லாமே துப்பாக்கிச் சண்டை. நான் 'வெண்பா' என்றேன். டொரண்டோவின் விசை கேம்ஸ் அந்த ஜூலையில் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண். அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பில் விடுபட்டதை ஊகித்து, ஆடுபவர் இட்லி அவிக்க வேண்டும்.

"இட்லி அவிக்கிறதுல என்னப்பா கேமு?" சிரித்தார்கள்.

சுடுவது ஆட்டம், அவிப்பது உழைப்பாகக்கூடக் கணக்கில் வராது. இந்த ஆண்மையக் கதையாடலைத்தான் வெண்பா என்ற பிரதி கவிழ்க்கிறது. இங்கே எதிரி, மறதி. குறிப்பில் எழுதாததெல்லாம் அவள் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு.

இவ்வளவு பேசுகிற நானும் திரையில்தான் இட்லி அவித்தேன். வீட்டில் ஒருநாள்கூட மாவு ஊற்றியதில்லை. அப்போ, கவிழ்ந்தது எது?