மூன்றடி தூரம்

தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திருவையாறு பக்கத்திலிருந்து சித்தப்பா அரக்கப்பரக்க வந்தார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியாச்சு. சிட்டா நகல் வேணும். வானம் வேறு இருட்டுகிறது. "ரெண்டே நிமிஷம், சித்தப்பா" என்று கம்ப்யூட்டரில் சிட்டாவை இறக்கிவிட்டேன். மூன்றடி தள்ளியிருந்த வயர்லெஸ் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

காரணம் சின்னது. முந்தின வாரம் ரௌட்டரை மாற்றியிருக்கிறார்கள். புதுப் பெயர், புது பாஸ்வேர்டு. பிரிண்டர் பாவம், பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. புது ரௌட்டருக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்தால் பெரும்பாலும் அதுவாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். வராவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இயங்குகிறதா என்று பாருங்கள். வீட்டு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாது.

என் புகார், இதை அந்த மெஷினே சொல்லியிருக்கலாமே என்பதுதான். 'இந்தப் பெயரைத் தேடுகிறேன், காணோம்' என்று ஒரு வரி போதும். இதே டெல்டாவில், தரங்கம்பாடியில், 1713-ல் தமிழ் அச்சடிக்கத் தொடங்கியவர்களுக்கும் தொல்லைகள் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவை, காகிதம் போதவில்லை. சின்ன எழுத்து வார்த்தார்கள். பொறையாரில் காகித ஆலை வைத்தார்கள். குறை என்னவென்று கண்ணுக்குத் தெரிந்தது, சரிசெய்தார்கள். நமக்குக் கிடைப்பது 'ஆஃப்லைன்'. பி.காம். படித்தவன் பாஷையில், நட்டம் மட்டும் காட்டி வரவு செலவு காட்டாத கணக்கு.

நான் எல்லாம் கண்டுபிடித்துத் தலைநிமிர்ந்தபோது சித்தப்பா கையில் நகலோடு திரும்பியிருந்தார். தெருமுனை ஜெராக்ஸ் கடை.

"அவன் வயரு போட்டு வச்சிருக்கான்டா" என்றார்.