யாருடைய ஏழு?

சின்ன வயதில் ஷின்சான் தமிழில் பேசக் கேட்டு வளர்ந்த திட்டக்குடிப் பிள்ளைகள் இப்போது விருத்தாசலம் பஸ்ஸில் நின்றபடியே செல்பேசியில் நருட்டோ போன்ற ஜப்பானிய அனிமே தொடர்கள் பார்க்கிறார்கள். பார்ப்பதோடு விடுவதில்லை, பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போடுகிறார்கள். அப்படிப் போடும் கல்லூரி மாணவர் ஒருவர் தன் விதிகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மறுபடி பார்க்கத் தோன்றினால்தான் பத்து. முடிவு சொதப்பினால் எட்டைத் தாண்டக் கூடாது. மூன்று எபிசோடில் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். கடைசி விதி இது: பள்ளிக்கூடக் காதல் கதைகள் எனக்கு ஆகாது, அவற்றுக்கு நான் போடும் மார்க்கை நம்ப வேண்டாம்.

அந்தக் கடைசி விதிக்காகவே இவரை நான் நல்ல விமர்சகர் என்பேன். தன் ருசி எங்கே கோணுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற துணிச்சல் பழுத்த விமர்சகர்களுக்கே அபூர்வம். மூன்று எபிசோடு விதியோடும், பொதுவாக மார்க் போடும் முறைகளோடும்தான் எனக்குச் சண்டை.

தமிழில் மார்க் என்றதும் நினைவுக்கு வருவது ஆனந்த விகடன். 1977-ல் வந்த ‘16 வயதினிலே’ படத்துக்கு அது போட்ட 62.5 இன்றும் பேசப்படுகிறது. கல்லூரிக் கணக்கில் அது முதல் வகுப்பின் வாசல். விகடன் கணக்கில் சிகரம். நாற்பத்தைந்து வாங்கினாலே படம் தேறிவிட்டது என்று வாசகருக்குத் தெரியும், ஏனென்றால் பல ஆண்டுகளாக அந்தக் கை எவ்வளவு இறுக்கமான கை என்று பழகியிருந்தார்கள். அனிமே உலகில் நிலைமை நேர் எதிர். ரசிகர்கள் பத்துக்கு மார்க் போடும் மைஅனிமேலிஸ்ட் தளத்தில் ஐந்துக்குத்தான் ‘சராசரி’ என்று பெயர். ஆனால் ஐந்து வாங்கிய தொடரை யாரும் சீந்துவதில்லை; பெயர் பெற்ற தொடர்களெல்லாம் ஏழையும் எட்டையும் ஒட்டியே நிற்கின்றன. இறுக்கமோ தாராளமோ, அது குற்றமில்லை. விகடனில் இருந்த குறை வேறு: மார்க் போட்டது ‘விமர்சனக் குழு’. அந்தக் குழுவில் யாருக்குப் பாட்டு பிடிக்கும், யாருக்குச் சண்டை பிடிக்காது என்று வாசகர் அறிய வழியில்லை. மாறாக, ஜப்பானின் வீடியோ கேம் இதழான ஃபமிட்சு நான்கு விமர்சகர்களுக்கு ஆளுக்குப் பத்து மார்க் கொடுத்து, நான்கையும் தனித்தனியாக அச்சிட்டு, நாற்பதுக்குக் கூட்டிக் காட்டுகிறது. ஒருவர் ஒன்பதும் இன்னொருவர் ஆறும் போட்டிருந்தால் அந்த இடைவெளியே வாசகருக்கு ஒரு தகவல்.

இனி, கதைக்கு இத்தனை, அசைவுக்கு இத்தனை, இசைக்கு இத்தனை என்று பிரித்துக் கூட்டும் வழக்கம். பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்’ தொடரின் 24-ஆம் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் ஒளிபரப்பானது. ராட்சத இயந்திரத்தின் கைக்குள் ஒருவன்; அவனை நசுக்குவதா விடுவதா என்பது இயந்திரத்துக்குள் இருக்கும் சிறுவன் கையில். பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி. படம் அசையவே இல்லை. ஏறத்தாழ ஒரு நிமிடம் ஒரே ஓவியம் திரையில் அப்படியே நிற்கிறது. ஏதோ கோளாறு என்று முதல்முறை பார்ப்பவர் செல்பேசியைத் தட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் அந்தச் சிறுவன் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் நேரத்தை நம்மையும் நிற்க வைத்துக் காட்டுகிறார்கள் என்பது உறைக்கும். அசைவுக்கு இருபது மார்க் ஒதுக்கியவர் இதற்கு என்ன போடுவார்? விதிப்படி பூஜ்யம். தொடரிலேயே மறக்க முடியாத நிமிடமும் அதுதான். இசாவோ தகாஹதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ (1988) பார்த்துவிட்டு ‘ரசித்த அளவு’ என்ற கட்டத்தில் எண் எழுதுவதும் இதே சங்கடம். பட்டினியில் கரையும் இரண்டு பிள்ளைகளை யார் ரசிப்பது?

மூன்று எபிசோடு விதிக்கு ஒரு நியாயம் உண்டு: உலகத்தில் தொடர்கள் ஏராளம், ஆயுள் ஒன்றுதான். ஆனால் ‘ஸ்டைன்ஸ் கேட்’ (2011) பாதி வழி வரை வளவளவென்று பேசிவிட்டு, பன்னிரண்டாம் எபிசோடில்தான் கழுத்தைப் பிடிக்கிறது. இந்த விதியால் வரும் இன்னொரு கோளாறு கண்ணுக்கே தெரியாது. பிடிக்காதவர்கள் பாதியில் இறங்கிவிடுவதால், இரண்டாம் மூன்றாம் சீசனுக்கு மார்க் போட மிஞ்சுவது ரசிகர்கள் மட்டும். ‘கின்டாமா’வின் பிற்கால சீசன்கள் மைஅனிமேலிஸ்ட் வரிசையின் உச்சியில் கும்பலாக உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் காரணம். ஆயிரம் எபிசோடைத் தாண்டிய ‘ஒன் பீஸ்’ தொடரை இன்று வரை விடாமல் பார்ப்பவரிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேட்பதில் என்ன அர்த்தம்?

அப்படியானால் தனி ஒருவரின் ருசியை நம்பலாமா? இந்த வழக்கு தமிழில் எப்போதோ நடந்து முடிந்தது. விமர்சகர் க.நா.சு. பட்டியல் போட்டார்; இது இலக்கியம், இது இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்; பல இடங்களில் காரணம் சொல்லவில்லை. சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கி, பிரதியை அலசிக் காட்டாத அபிப்பிராயம் விமர்சனமாகாது என்று நின்றார். கொள்கையளவில் நான் செல்லப்பா கட்சி. ஆனாலும் எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் வாழ்ந்த சிறுகதை எழுத்தாளர் மௌனியை நினைத்தால் க.நா.சு.வுக்குக் கடன்பட்டிருக்கிறோம். இரண்டு டஜன் கதைகள் அளவே எழுதிய மௌனி வாசகர் வாக்கெடுப்பில் எந்தக் காலத்திலும் தேறியிருக்க மாட்டார். ருசியில் பிடிவாதமுள்ள சிலர் விடாமல் சொன்னதால்தான் நிலைத்தார். அதே பிடிவாதம்தான் வாரத் தொடர்கதை என்ற வடிவத்தையே க.நா.சு.வின் கண்ணுக்குச் சிறியதாகக் காட்டியது. ஜப்பானியப் படக்கதைகளான மங்காவிலும் பல வாரத் தொடர்கள்தான். அடுத்த வாரம் வரை வாசகரைத் தொங்கவிடுவது அதன் இலக்கணம். ‘பொன்னியின் செல்வ’னைச் சிறுகதை அளவுகோலால் அளப்பவர் செய்யும் தவறைத்தான், ‘ஒன் பீஸ்’ இழுக்கிறது என்று மார்க் குறைப்பவரும் செய்கிறார்.

விமர்சகர்கள் அநேகமாக மறந்துவிடுகிற ஒன்று, பார்த்த மொழி. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ தமிழ்க் குரலிலும் தியேட்டருக்கு வந்தது. ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்துமாகப் பார்த்தவர் போட்ட எட்டு, தமிழில் பார்க்கப் போகிறவருக்கு எந்த வகையில் உதவும்? டப்பிங்கில் வசனம் சப்பென்று போயிருக்கலாம். ஷின்சானுக்கு நடந்ததுபோல அட்டகாசமாகவும் ஆகியிருக்கலாம். இரண்டையும் சொல்ல இங்கே ஆள் இல்லை.

மார்க் போடுவதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அது இருந்தால்தான் டீக்கடையில் சண்டை போட முடியும். கதை, அசைவு, இசை என்று பிரிக்கும் உறுப்புக் கணக்கை விட்டுவிடுங்கள். எந்த மொழியில் பார்த்தீர்கள், எத்தனை எபிசோடு பார்த்தீர்கள், உங்களுக்கு எந்த வகைக் கதை ஆகாது என்று மூன்று வரி எழுதிவிட்டு, அதற்குக் கீழே எண்ணைப் போடுங்கள்.