கருத்துக் கட்டுரையும் நம் மாணவரும்

ஆங்கில மொழித் தகுதித் தேர்வுகளில் நம் மாணவர் பெரிதும் இடர்ப்படும் பகுதி கருத்துக் கட்டுரையாகும். இலக்கண அறிவு போதாமையே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அஃது ஓரளவு உண்மை. முழு உண்மை அன்று. பிழையற்ற வாக்கியங்களால் அமைந்த கட்டுரை ஒன்று வலுவிழந்து கிடப்பதையும், பிழைகள் சில இருந்தும் மற்றொன்று நிமிர்ந்து நிற்பதையும் கட்டுரை திருத்தும் ஆசிரியர் அனைவரும் அறிவர். இவ்வேறுபாடு எதனால் விளைகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் உயர்கல்வி நாடும் மாணவர் எதிர்கொள்ளும் தேர்வுகள் இரண்டினை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1999இல் தொடங்கப்பெற்ற மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலமொழித் தேர்வாகிய மூவெட். 2021 முதல் நடைமுறைக்கு வந்த அமைப்பின்படி, அதன் எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம். குறைந்தது 100 சொற்களில் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதியபின், குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரையும் எழுதுதல் வேண்டும். மற்றொன்று, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்வோர் எழுதும் ஐயெல்ட்ஸ். அதன் எழுத்துத் தாளில் இரண்டாம் வினா 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை. அதற்கென 40 நிமிடம் ஒதுக்குமாறு அறிவுறுத்துவர். முதல் வினாவைப்போல் இருமடங்கு மதிப்பு இதற்கு உண்டு.

ஐயெல்ட்ஸ் கட்டுரையை நான்கு அளவுகோல்களால் அளக்கின்றனர்: வினாவுக்குரிய விடை அமைதல், கருத்தின் தொடர்ச்சியும் இயைபும், சொல்வளம், இலக்கணத்தின் வகையும் திருத்தமும். நான்கும் சம மதிப்புடையவை. இதனை நம் மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். சொல்லுக்கும் இலக்கணத்துக்கும் பாதி. எஞ்சிய பாதி சிந்தனைக்கும் அதனை வரிசைப்படுத்தும் திறனுக்கும் உரியது. ஆயினும் நம்மவர் முயற்சி முழுவதும் முதற்பாதியிலேயே செலவாகிவிடுகிறது. அகராதியில் அருஞ்சொல் தேடுகிறார்கள். தம் உள்ளத்தில் கருத்தைத் தேடுவதில்லை.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. மாணவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதற்குத் தேர்வாளர் புள்ளி இடுவதில்லை. அவன் ஒரு பக்கம் தெளிவாக நிற்கிறானா, இறுதிவரை அங்கேயே நிற்கிறானா என்பதையே பார்க்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ‘நகரப் பேருந்துகளைக் கட்டணமின்றி இயக்க வேண்டும் என்பதை ஏற்கின்றீரா?’ என்பது வினா எனக் கொள்வோம். நம் மாணவர் பலர் இவ்வாறு தொடங்குவர்: இன்றைய நவீன உலகில் போக்குவரத்து மனிதவாழ்வில் மிக முக்கிய இடம் பெறுகிறது, இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பேருந்து என்னும் சொல்லை நீக்கிவிட்டுத் தொலைக்காட்சி என்றோ கைப்பேசி என்றோ இட்டாலும் இவ்விரு வாக்கியங்களும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் தொடக்கம் எதற்கும் உரியதாகாது. அடுத்த பத்தியில் நன்மைகள் மூன்று. அதற்கடுத்ததில் தீமைகள் மூன்று. முடிவில் அரசாங்கமும் பெற்றோரும் கைகோத்துச் செயல்பட வேண்டும் என்னும் அறிவுரை. வினாவோ ‘நீ ஏற்கின்றாயா’ என்று கேட்டது. அதற்கு விடை எங்கும் இல்லை!

வலுவான கட்டுரை வேறு வகையாக அமையும். ‘குறைந்த வருமானமுடையோர் மிகுதியாகப் பயன்படுத்தும் வழித்தடங்களிலேனும் பேருந்து கட்டணமின்றி ஓட வேண்டும்’ என்று முதற்பத்தியிலேயே தன் துணிபை நாட்டும். தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துக் கல்லூரிக்கு நாள்தோறும் செல்லும் ஒரு மாணவனின் பயணச் செலவு, திங்கள் முடிவில் அவன் குடும்பத்துக்கு எவ்வளவு சுமையாகிறது என்று கணக்கிட்டுக் காட்டும். கோலாலம்பூரில் 2012இல் கட்டணமின்றித் தொடங்கப்பெற்ற கோ கே.எல். நகரப் பேருந்தைச் சான்றாக்கும். 2020இல் லக்சம்பர்க் நாடு தன் பொதுப் போக்குவரத்து முழுவதையும் கட்டணமற்றதாக்கியதைக் குறிப்பிடும். பிறகு, மறுப்போர் கூற்றையும் மறைக்காது எடுத்துவைக்கும்: லக்சம்பர்க் சிறிய நாடு, செல்வ நாடு, நமக்கு அது பொருந்துமா? பொருந்தாது என்று ஒப்புக்கொண்டு, அதனாற்றான் எல்லா வழித்தடங்களுக்கும் கேட்கவில்லை, சிலவற்றுக்கே கேட்கிறோம் என்று விடை கூறும். எதிர்ப்பைச் சந்தித்தபின் அத்துணிபு முன்னிலும் உறுதியாகிறது.

இம்முறை ஆங்கிலேயர் நமக்குப் புதிதாகக் கற்பித்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் எழுவகை மதம் வகுத்துள்ளார். மதம் என்பது ஈண்டுக் கொள்கை. பிறர் கருத்தோடு உடன்படுவதும், மறுப்பதும், முதலில் ஏற்றுப் பின் களைவதும், தான் ஒன்றை நாட்டி அதனை நிறுவுவதும், இருவர் மாறுபட்டவிடத்து ஒரு பக்கம் துணிவதும் அவற்றுள் அடங்கும். தேர்வாளர் இன்று கேட்பனவும் இவையே. தமிழ் கற்ற மாணவன் இவற்றை அயல்நாட்டுச் சரக்கென அஞ்ச வேண்டுவதில்லை.

அப்பாயிரம் கூறும் பத்துக் குற்றங்களையும் நம் மாணவர் கட்டுரைக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். சொற்களின் எண்ணிக்கையை நிரப்ப ஒரே காரணத்தை மூன்று வகையாக எழுதுவது கூறியது கூறல். பேருந்தைப் பற்றி எழுதுங்கால் சுற்றுச்சூழல் மாசின் வரலாற்றுக்குள் நுழைவது மற்றொன்று விரித்தல். முதற்பத்தியில் ஏற்றுவிட்டு முடிவில் மறுப்பது மாறுகொளக் கூறல். முன்னுரையில் நேரத்தையெல்லாம் செலவிட்டு, கடைசிப் பத்தியை இரண்டு வரியில் முடிப்பது சென்று தேய்ந்து இறுதல். எழுதத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, துணிபு ஒன்று, காரணம் இரண்டு, எதிர்வாதம் ஒன்று எனக் குறித்துக்கொள்பவன் இந்நான்கிலிருந்தும் பெரும்பாலும் தப்புவான்.

வலிமை என்பதை உரத்த குரல் என்று கொள்வாரும் உளர். ‘எல்லாரும்’, ‘எப்போதும்’, ‘ஐயமேயில்லை’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களை வாக்கியந்தோறும் பெய்கின்றனர். எல்லாரும் என்று எழுதியவனை வீழ்த்த விதிவிலக்கு ஒன்றே போதும். ‘மெனி’ என்றும் ‘மே’ என்றும் அளந்து எழுதுபவனை அவ்வளவு எளிதில் வீழ்த்த இயலாது. எல்லை வகுத்துச் சொல்லப்படும் கருத்தே உறுதியுடையது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். ‘ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு ஆயத்த வாக்கியங்களே ஊன்றுகோல், அதனையும் பிடுங்குவது அறமா?’ என்று பிரத்தியேக வகுப்பு நடத்துவோர் வினவலாம். வினா நியாயமானதே. கட்டுரையின் எலும்புக்கூட்டை, அதாவது எந்தப் பத்தியில் எது வரவேண்டும் என்னும் ஒழுங்கைக் கற்பிப்பது தேவை. அதனை யாரும் குறைகூறார். ஒரு காரணத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல உதவும் தொடர்கள் சிலவற்றைக் கற்பிப்பதும் நன்றே. ஆனால் தசையையும் குருதியையும் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது ஊன்றுகோலாகாது. ஐயெல்ட்ஸ் தேர்வில் விடை முழுவதும் மனனம் செய்யப்பட்டதென மெய்ப்பிக்கப்பட்டால் சுழியமே கிடைக்கும். பகுதி மனனமும் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பட்டாடையில் சாக்குத்துணி ஒட்டியதுபோல, மனப்பாட வாக்கியமும் சொந்த வாக்கியமும் அருகருகே நின்று பல்லிளிக்கும்.

இக்குறையின் வேர் இடைநிலைப்பள்ளிக்கும் முற்பட்டது. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் வழக்கம் அதனோடு நீங்கிவிடவில்லை. நூலகத்தின் பயன், நேரத்தின் அருமை என்று எவரும் மறுக்கவியலாத தலைப்புகளையே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். மறுக்கவியலாததைப் பற்றிக் கருத்துக் கொள்வதற்கு என்ன இருக்கிறது? வீட்டிலும் ‘பெரியவர் பேசும்போது வாய் திறவாதே’ என்பதே முதற்பாடம். பன்னிரண்டு ஆண்டு வாய்மூடியிருந்த பிள்ளையை, பதினெட்டாம் வயதில் அயல்மொழியில், 40 நிமிடத்தில், ‘உன் கருத்து யாது?’ என்று கேட்டால் அவன் திகைக்காமல் என்செய்வான்? அவனிடம் இல்லாதது ஆங்கிலம் மட்டுமன்று. ‘நான் இவ்வாறு எண்ணுகிறேன், காரணம் இது’ என்று சொல்லும் பழக்கமும் இல்லை.

ஆகவே மருந்து தமிழ் வகுப்பிலேயே தொடங்கலாம். வாரம் ஒருமுறை, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையைப் பற்றியோ வீட்டுப்பாடத்தைப் பற்றியோ இருபக்கமும் வாதிடத்தக்க ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு பத்தி எழுதச் செய்யலாம். ஆசிரியர் தம் கருத்துக்கு மாறாக எழுதிய பிள்ளையின் காரணம் வலுவுடையதாயின், அதனை வகுப்பின் முன் வாசித்துப் பாராட்டுதல் வேண்டும். பெற்றோரும் பிள்ளை மறுத்துப் பேசும்போது ‘ஏன்?’ என்று கேட்டு, விடை முடியும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். தாய்மொழியில் தன் துணிபை நிறுவக் கற்றவன், ஆங்கிலச் சொற்களைப் பின்னர் தேடிக்கொள்வான். தேர்வுத்தாள் அவனிடம் கேட்பது பெரும்பாலும் அவன் முன்பே செய்து பழகியதாகவே இருக்கும்.